குழந்தைசாமியின் மைக்செட்

ஆலங்குடியில் அந்தக் காலத்தில் இரண்டு குழந்தைசாமிகள் இருந்தார்கள். ஒருவர் மாட்டு வைத்தியர். மற்றவன் மைக்செட் வைத்திருந்தவன். வெளியூர் ஆள் யாராவது பஸ்ஸை விட்டு இறங்கி, "குழந்தைசாமி வீடு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டால், பஸ் நிற்கும் இடத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர், "மாடு படுத்திருச்சா, இல்ல கல்யாணம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்.

நம்முடைய கதை கல்யாணத்துக் குழந்தைசாமியைப் பற்றியது.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் புதுக்கோட்டையில் ஒரு கூட்டம் நடந்தது. ஊரோடு சேர்ந்து இருபது வயதுக் குழந்தைசாமியும் நடந்தே போனான். எல்லோரும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பேச்சைக் கேட்டார்கள். அவன் மட்டும் மேடைக்குப் பின்னால் போய், அங்கே இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தன. ஒரு மனிதன் சாதாரணமாகப் பேசுவதை இந்தப் பெட்டி வாங்கி, ஊர் முழுவதுக்கும் எடுத்துக் கொடுக்கிறதே என்று அவனுக்கு ஆச்சரியம். என்ன பேசினார்கள் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு ஏரைப் பிடிக்க அவனுக்கு மனம் ஒட்டவில்லை. திருச்சிக்குப் போய் ஒரு ரேடியோக் கடையில் சேர்ந்து, சில வருடங்கள் தொழில் பழகினான். திரும்பி வந்து தன் பங்கு புஞ்சையை அண்ணன் நாகராசுவிடமே கொடுத்துவிட்டு, ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய் ஒலிபெருக்கி, கீ கொடுக்கும் கிராமபோன், ஒரு பேட்டரி, ஒரு மைக், ஒரு பெட்டி ரெக்கார்டு எல்லாம் வாங்கினான். வாசலில் பலகை மாட்டினான்: 'ஸ்ரீ குழந்தை சவுண்ட் சர்வீஸ்.' அத்தை மகள் செவந்தியைக் கட்டிக்கொண்டதும் அந்த வருடம்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளை நடுவில் எழுந்து எழுந்து போய் ரெக்கார்டு மாற்றியதை உறவுக்காரர்கள் வெகுகாலம் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆள் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். ஆனால் வாய் மட்டும் திறக்காது. மைக் முன்னால் நின்றால் "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" என்பதோடு சரி. மற்றபடி வேலையில் குறை சொல்ல முடியாது. குழாயை எந்த மரத்தில், எந்தத் திசை பார்த்துக் கட்டினால் எந்தத் தெருவுக்குக் கேட்கும் என்று காற்றைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

ஐந்தாறு வருடம் தொழில் ஓடோ ஓடு என்று ஓடியது. காதுகுத்து, கல்யாணம், அம்மன் கோயில் திருவிழா, எலெக்‌ஷன் கூட்டம் என்று பேட்டரிக்கு ஓய்வே இல்லை. பிறகு மழை இரண்டு வருடம் ஏமாற்றியது. கடலை காய்ப்பிடிக்கவில்லை. ஜனங்கள் கல்யாணத்தைக் கோயிலில் வைத்துச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டார்கள். ஆடித் திருவிழாவை இரண்டு ஊரில் நிறுத்திவிட்டார்கள். ஆவணி முழுவதும் ஒரே ஒரு கல்யாணம். அதிலும் பெண் வீட்டார், "பாட்டெல்லாம் வேணாந் தம்பி, தாலி கட்டுறப்ப மட்டும் கொஞ்சம் போடுங்க" என்றார்கள்.

குழந்தைசாமி அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவில்லை. காலையில் எழுந்து கடை வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பான். குழாய்களை எண்ணெய்த் துணியால் துடைப்பான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வேலை கேட்டுப் போவதில்லை. முன்பு மைக்செட் கட்டிய வீடுகளுக்குப் போய், "தங்கச்சிக்குக் கொழந்தை பொறந்திருச்சாமே, நல்லா இருக்கா?" என்று விசாரித்துவிட்டு வருவான். வரும்போது சைக்கிளில் ஒரு முருங்கைக்காய்க் கட்டோ, நாலு தேங்காயோ தொங்கும். பஞ்சாயத்து ரேடியோ எங்காவது கரகரத்தால் திறந்து சரிசெய்து கொடுப்பான். செவந்தி பக்கத்துக் கடலை மண்டியில் கூலிக்குக் கடலை உடைத்தாள். அங்கே அவள் பேசுவதைக் கேட்பதற்காகவே மற்றப் பெண்கள் அவள் பக்கத்தில் இடம் பிடிப்பார்கள்.

இருந்தும் புரட்டாசி வந்தபோது அவனுக்கே கொஞ்சம் தளர்ச்சி தட்டியது. அண்ணன் நாகராசு வேறு வந்து உட்கார்ந்து, "இந்தத் தகரத்தக் கட்டிக்கிட்டு எத்தன நாளுடா அழுவ? வித்துத் தொலச்சுட்டு வா. வயல்ல ஒனக்கும் ஒரு வேலை இருக்கு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி வாடுவதை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராச்சோறு சாப்பிடும்போது குழந்தைசாமி சொன்னான்: "அறந்தாங்கியில இருளாண்டின்னு ஒருத்தரு செட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காராம். வரச் சொல்லி ஆள் விட்ருக்கேன்."

செவந்தி குழம்பை ஊற்றிக்கொண்டே, "வித்துட்டு?" என்றாள்.

"அண்ணன் கூட வயலுக்குப் போறேன்."

"நீங்க கடலைக்கொடியப் பிடுங்குனா கொடி வாரதுக்கு முந்தி நெலமே பேந்துக்கிட்டு வந்துரும். அப்படியில்ல கைய வச்சிருக்கீங்க!" என்று அவள் சிரித்தாள். அதற்கு மேல் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிட்டது குறைவு என்பதைக் குழந்தைசாமி கவனித்தான்.

இருளாண்டி சந்தை நாளில் வந்து இறங்கினார். முறுக்கு மீசை, வாய் நிறைய வெற்றிலை, நல்ல கலகலப்பான மனிதர். செட்டைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டா எல்லாச் செட்டும் நல்லாத்தான் கேக்கும். இன்னைக்குச் சந்தையாமே? அந்தக் கூச்சல்ல கட்டிப் பாப்பமா?"

சரி என்று இருவரும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். குழந்தைசாமி புளியமரத்தில் ஏறி ஒரு குழாயைக் கிழக்கே பார்த்தும் ஒன்றைத் தெற்கே பார்த்தும் கட்டினான். ரெக்கார்டு சுழன்றதும் கத்தரிக்காய்க்காரி முதல் கருவாட்டுக்காரர் வரை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "யாரு வீட்டு விசேசம்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். இருளாண்டி சந்தையின் கடைசி மூலை வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார். அவருக்குத் திருப்தி என்று முகத்திலேயே தெரிந்தது. குழந்தைசாமி அவர் முகத்தைப் பார்க்காமல் ரெக்கார்டை மாற்றினான்.

அந்த நேரத்தில்தான் கொத்தமங்கலத்துக்காரர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, எங் கெடாவக் காணும்! ஒரு டீத்தண்ணி குடிச்சுட்டுத் திரும்புறேன், முளைக்குச்சி மட்டும் நிக்கிது. கொழாயில ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

குழந்தைசாமி வேறு வழியில்லாமல் மைக்கைக் கையில் எடுத்தான். எலெக்‌ஷன் கூட்டங்களில் கேட்டது ஞாபகம் வந்தது. "அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. ஆடு ஒன்று... அதாவது, காணாமல் போய்விட்டபடியால்... ஆட்டை..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது. சந்தையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செவந்தி அப்போது அவனுக்கும் விருந்தாளிக்கும் சோறு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். ஆட்டுக்காரரிடம், "என்ன நெறங்க? அடையாளம் எதும் இருக்கா?" என்று கேட்டாள். அவர் சொன்னார். பிறகு புருஷன் கையிலிருந்து, பானையை இறக்குகிற மாதிரிச் சாதாரணமாக மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஏத்தா, ஏப்பா, எல்லாரும் இங்கிட்டுக் கொஞ்சம் காதக் குடுங்க! கொத்தமங்கலத்துக்காரரு கெடாவக் காணுமாம். கருப்புக் கெடா. நெத்தியில திருநீறு பூசுன மாதிரி ஒரு வெள்ளை. எடது காதுல ஒரு வெட்டு. ஆளு பாக்க சாமியாரு மாதிரி இருக்கும், ஆனா கண்ட எடத்துல வாயி வைக்கும். ஒங்க கடைக்குப் பின்னால எதாச்சும் கறுமுறுன்னு சத்தங் கேக்குதான்னு திரும்பிப் பாருங்க!"

எல்லோரும் ஒரே நேரத்தில் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி வாழை எலைக்காரர் போட்ட கூச்சல், குழாய் இல்லாமலே எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும்.

"அட பாவி! இந்தா நிக்கிது! என் எலைக்கட்டு முழுசையும் தின்னுபுட்டு நிக்கிது!"

சந்தையே குலுங்கிச் சிரித்தது. எலைக்காரரும் ஆட்டுக்காரரும் கட்டிப் புரளப் போனார்கள். செவந்தி விடவில்லை. "எலைக்காரண்ணே, கோவப்படாதீங்க. ஆட்டுக்காரரு கெடாவ வித்ததும் ஒங்களுக்கு எலைக்கு உண்டானதக் குடுத்துருவாரு. கெடா வாங்குறவுக சீக்கிரம் வாங்க. விருந்து சாப்பிட்டு வந்த கெடா, வயிறு நெறஞ்சு இருக்கு!" என்றாள். கால் மணி நேரத்தில் கெடா விலைபோய்விட்டது. எலைக்காரரும் ஆட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

செவந்தி மைக்கைக் கீழே வைக்கப் போனாள். அதற்குள் பூசணிக்காய்க்காரி மரத்தடிக்கு வந்துவிட்டாள்.

"ஏத்தா, காலையிலேருந்து ஒரு காயி நகரல. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லேன்."

செவந்தி பூசணிக்காயைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"வடக்கு ஓரத்துல பூசணிக்காய் வந்திருக்கு. எங்க வீட்டுக்காரரு மாதிரியே நல்லாப் பெருத்த காயி. அவரு மாதிரியே வெளியில சத்தம் வராது. உள்ள பூரா இனிப்புத்தான். வந்து வாங்கிக்கங்க!"

சந்தை மொத்தமும் புளியமரத்தடியில் நின்ற குழந்தைசாமியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவனுக்கு முகம் சிவந்து போயிற்று. எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் ஆம்ப்ளிபயரின் திருகைச் சும்மா திருகினான். ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் ஏதோ ஒன்று குறுகுறுத்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் செவந்தி அவனை 'இனிப்பு' என்று வீட்டுக்குள்கூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சந்தைக்கே சொல்லிவிட்டாள். அவனும் சிரித்துவிட்டான். சிரிக்க ஆரம்பித்தவனால் நிறுத்த முடியவில்லை.

வெயில் தாழ்வதற்குள் வெங்காயக்காரர், வளையல்காரர், கருப்பட்டிக்காரி எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு பேச்சு. கூலியாக ஒருவர் காசு கொடுத்தார், ஒருவர் வெங்காயம் கொடுத்தார், பூசணிக்காய்க்காரி மிஞ்சிய ஒரே காயைக் கொடுத்தாள்.

எல்லாம் அடங்கிய பிறகு இருளாண்டி ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, "தம்பி, பேசுன வெலைக்கு மேல போட்டுத் தாரேன். செட்டக் குடுத்துருங்க" என்றார்.

குழந்தைசாமி செவந்தியைப் பார்த்தான். அவள் மைக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு காதில் விழாதவள் மாதிரி, ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"செட்டு விக்கிறதுக்கில்லண்ணே. ஒங்கள வீணா அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றான்.

இருளாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். "அது பூசணிக்காய் வித்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி. கேட்டு வச்சேன், அம்புட்டுத்தான். செட்டு நான் வேற எடத்துல வாங்கிக்கிறேன். தங்கச்சி பேச்ச எங்கிட்டுப் போயி வாங்குறது?"

செய்தி அன்று மாலைக்குள்ளேயே நாகராசுவின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் வந்து வாசலில் நின்றார்.

"வீட்டுப் பொம்பள சந்தையில நின்னு கொழாயில கத்துறதா? நாலு பேரு என்ன பேசுவான்? குடும்ப மானம் என்னத்துக்கு ஆகுறது?"

குழந்தைசாமிக்கு அண்ணன் முன்னால் பேச வராது. செவந்தி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பெரிய மச்சான், ஒக்காருங்க. மோர் தாரேன். நான் நடவுல பாடுனா அடுத்த ஊரு வரைக்கும் கேக்கும்னு நீங்கதான பெருமையாச் சொல்லுவீங்க? அப்பப் போகாத மானம், இப்பக் கொழாய் வழியா எப்படிப் போகும்?"

நாகராசு மோரைக் குடித்தார். எழுந்து போய்விட்டார். அடுத்த சந்தைக்கு அவர் வரவில்லை. அவர் மனைவி காத்தாயி வந்தாள். முக்காடு போட்ட மாதிரி சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்து, "அடியே, அவுகளுக்குத் தெரியாம ரெண்டு மூட்ட மொளகா கொண்டாந்திருக்கேன். அதையும் கொஞ்சம் சொல்லுடி" என்றாள்.

"சொல்லிட்டாப் போச்சுக்கா" என்றாள் செவந்தி. மிளகாய் விற்ற காசைக் காத்தாயி வீட்டில் எப்படிச் சொன்னாளோ, நாகராசு அதற்குப் பிறகு மானத்தைப் பற்றிப் பேசியதில்லை.

ஐப்பசி பிறந்ததும் திருமயம் பக்கத்து ஊர்க்காரரான அடைக்கப்பச் செட்டியார் ஆள் அனுப்பி இருவரையும் வரவழைத்தார். புதுக்கோட்டையில் அவருக்கு ஜவுளிக்கடை. தீபாவளிக்குச் சரக்கெல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார், ஜனங்கள்தான் வரவில்லை. மழை இல்லாத வருடத்தில் அவருக்கும் அதே கதைதான்.

"எங்க வீட்டு ஆச்சி சொன்னாக, ஆலங்குடிச் சந்தையில ஒரு அம்மா பேசுதாம், கேட்டவுக வாங்காமப் போறதில்லைன்னு. வண்டி நான் தாரேன். ஊர் ஊராப் போயிச் சொல்லிட்டு வரணும். முடியுமா?" என்று கேட்டார்.

கூண்டு வண்டியின் மேல் குழாயைக் கட்டி, உள்ளே பேட்டரியை வைக்கோலில் பொதிந்து வைத்து இருவரும் கிளம்பினார்கள். முதல் நாள் நாலு ஊர். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடின. செவந்தி ஊருக்குத் தக்கபடி பேசினாள். மாமியார் மருமகள் சண்டைக்குப் பேர்போன தெருவில், "ஒரே வெலையில ஒரே மாதிரி ரெண்டு சேலை இருக்கு, ஒங்களுக்குள்ள சண்டை வராது" என்றாள். ஜனங்கள் வாசலுக்கு வந்து சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் வடகாட்டில், நடுத்தெருவில், கூட்டம் நன்றாகச் சேர்ந்த நேரத்தில் பேட்டரி படுத்துவிட்டது. குழாய் ஒருமுறை கொர்ரென்று இழுத்துவிட்டு அடங்கியது. குழந்தைசாமி வண்டிக்குள் தலையை விட்டுக் கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்தான். பயன் இல்லை. கூட்டம் கலையத் தொடங்கியது.

செவந்தி வண்டியின் முன்பலகை மேல் ஏறி நின்றாள். "கொழாய்க்கு மூச்சு வாங்குது. அது கொஞ்சம் ஒக்காரட்டும், நம்ம பேசுவம்!" என்றாள். நடவு வயலில் பழகிய குரல். தெருக்கோடி வரை போனது. ஆனால் தெரு நீளம். பின்னால் நின்றவர்கள், "கேக்கலத்தா" என்றார்கள்.

அப்போது குழந்தைசாமி ஒரு காரியம் செய்தான். ஏன் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. தெருவின் மறு கோடிக்கு நடந்து போனான். செவந்தி "சுங்குடிச் சேலை!" என்றால், அவன் அங்கிருந்து "சுங்குடிச் சேலையாம்!" என்றான். அவள் "பட்டுப் பாவாடை!" என்றால், அவன் "பட்டுப் பாவாடையாம்!" என்றான். அவனுடைய மார்புக்கூட்டிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைத்ததில்லை, அவன் உட்பட. மாடுகள் காதைத் தூக்கின. ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழுதது. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செவந்திக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பாதி வார்த்தை வரவில்லை. விட்ட வார்த்தைகளை எல்லாம் அவனே இட்டுக்கட்டிச் சொன்னான். தீபாவளிக்கு முந்தைய வாரம் வடகாட்டு ஜனங்கள் செட்டியார் கடைக்குப் போய், "சேலையாம் சேலை எடுங்க" என்று கேட்டார்களாம்.

அந்தத் தீபாவளிக்குச் செவந்தி செட்டியார் கடையிலேயே ஒரு அரக்குச் சேலை எடுத்துக்கொண்டாள். பேச்சுக்கூலி போக, செட்டியார் குழந்தைசாமிக்கு ஒரு வேட்டி கொடுத்தார். ஆறடி ஆளுக்கு அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. அவன் அதை உடுத்திக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான்.

அடுத்த வருடம் மழை பெய்தது. கல்யாணங்கள் திரும்பி வந்தன, திருவிழாக்களும் வந்தன. மந்தமான மாதங்களும் பழையபடி வந்துகொண்டுதான் இருந்தன. இந்தத் தொழிலில் அது இல்லாமல் எப்படி? ஆனால் அதற்கெல்லாம் பயப்படுவதை அவர்கள் விட்டுவிட்டார்கள். ஆலங்குடிச் சந்தை ஒரு நாள், இருளாண்டியின் அழைப்பில் அறந்தாங்கிச் சந்தை ஒரு நாள், நடுவில் ரேடியோ ரிப்பேர். எதுவும் இல்லாத நாளில் சைக்கிளில் இருவராகக் கிளம்பி உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டு வருவார்கள்.

அறுபத்திரண்டில் ஒருநாள் அறந்தாங்கி போவதற்காக பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். கண்டக்டர் புது ஆள். பஸ்ஸில் ஏறி மடியில் ஆளுக்கொரு குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "கொழாய்க்கு ரெண்டு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்" என்றார்.

"எடுக்குறோம் தம்பி. ஆனா டிக்கெட் எடுத்தா அதுகளுக்கும் சீட்டுக் குடுக்கணும். எங்க மடியில ஒக்காந்து வராதுக" என்றாள் செவந்தி.

கண்டக்டர் அவளை உற்றுப் பார்த்தார். "யம்மா, சந்தையில பேசுறவுக நீங்களா? கொரலக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு!" என்றார். உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "காலையிலேருந்து வண்டி காலியாத்தாம்மா ஓடுது. முன்னால போற வண்டி எல்லாரையும் அள்ளிக்கிட்டுப் போயிருது."

செவந்தி குழந்தைசாமியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே இறங்கி, பேட்டரியில் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு குழாயை பஸ்ஸின் ஜன்னலில் சாய்த்து வைத்தான். அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அறந்தாங்கி, அறந்தாங்கி! சன்னலோரம் எடம் இருக்கு, காத்து நல்லா வருது. கண்டக்டர் தம்பி தங்கமான பிள்ளை, சில்லறை கேட்டு மொறைக்க மாட்டாரு. வாங்க, வாங்க!"

டீக்கடையிலிருந்தும் வெற்றிலைக் கடையிலிருந்தும் ஜனங்கள் சிரித்துக்கொண்டே வந்து ஏறினார்கள். பத்து நிமிடத்தில் பஸ் நிரம்பிவிட்டது. கம்பியைச் சுருட்டிக்கொண்டு கடைசியாக ஏறிய குழந்தைசாமிக்கு உட்கார இடமில்லை. உச்சி கூரையில் இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையில் குழாயும் ஒரு கையில் மேல்கம்பியுமாக, அறந்தாங்கி வரை நின்றுகொண்டே போனான். வழியெல்லாம் செவந்தி பக்கத்து சீட்டுக்காரிகளோடு பேசிக்கொண்டே வந்தாள். அவள் சொன்ன எதற்கோ பஸ் முழுவதும் சிரித்தது. அவனுக்கு என்னவென்று சரியாகக் கேட்கவில்லை. அவனும் சேர்ந்து சிரித்தான்.